அடியில யாரோ கொலுசு போட்டு நடக்குறாங்க: சேலம், ஏற்காடு ஆறு நாள்

நாள் 1: சென்னை டூ சேலம் குகை

காலைல அஞ்சுக்கு கிளம்புனோம், சாயங்காலம் நாலரைக்குத்தான் அத்தை வீட்டு வாசல்ல வண்டிய நிறுத்துனேன். 340 கிலோமீட்டர், சாதாரணமா ஆறு ஆறரை மணி நேரத்துல வர்ற தூரம்தான், ஆனா வழில ஏழு தடவை ஓரங்கட்டி நான் வண்டிக்கு அடியில படுத்து எழுந்திருச்சேன். ஒரு தடவை ரோந்து வண்டி நின்னு என்ன சார் பிரச்சனைன்னு கேட்டாங்க. சத்தம் வருது சார்னேன். ஒரு மாதிரி பார்த்துட்டு போயிட்டாங்க.

வண்டி பத்தி தெரியாதவங்களுக்கு: 2014 மாடல் டிராவலர் வேன், டூரிஸ்ட் வண்டியா ஓடினது, செகண்ட் ஹேண்ட்ல வாங்கி ஒரு பாடி கட்டுற பட்டறைல குடுத்து உள்ள ரெண்டு படுக்கை, அடுப்பு மேடை, சிங்க், அடியில 100 லிட்டர் தண்ணி டேங்க், அழுக்குத் தண்ணிக்கு 40 லிட்டர்ல இன்னொரு டேங்க்னு வச்சு வீடாக்கினது. பட்டறை பேரு வேண்டாம். உள்ள மரவேலை எல்லாம் கண்ணுல ஒத்திக்கலாம். அடியில என்ன பண்ணி வச்சிருக்காங்கங்கறதுதான் இந்த ஆறு நாளோட கதை.

என் கணக்குல சத்தம் நாலு. ஒண்ணு, பள்ளத்துல விழுந்தா பின்னாடி டம டமன்னு. ரெண்டாவது, ஸ்பீட் பிரேக்கர் ஏறி இறங்கும்போது கீச்சு கீச்சுன்னு பழைய ஊஞ்சல் மாதிரி. மூணாவது, திருப்பத்துல மட்டும் ஜல்ல்ல்னு ஒண்ணு, நிஜமாவே கொலுசு போட்ட பொண்ணு ஒருத்தி வண்டிக்கு அடியில இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் நடந்து போற மாதிரி. நாலாவது எப்பவாவது ஒரு டொக். அத நான் பெருசா எடுத்துக்கல.

டம டம மட்டும் இன்னிக்கே மாட்டிக்கிச்சு. உளுந்தூர்பேட்டை தாண்டி ஒரு டீக்கடைல நிறுத்தி ஸ்டெப்னிய காலால ஒரு எத்து விட்டேன், டம்முன்னு அதே சத்தம். பின்னாடி அடியில ஸ்டெப்னி ஒரு செயின்ல தொங்கும், இல்லையா, அந்த செயினை முழுசா ஏத்தி இறுக்காம விட்டிருக்காங்க, டயர் ஒரு விரக்கடை கீழ தொங்கி ஆடிக்கிட்டே வந்திருக்கு. கடைசியா பஞ்சர் போட்டது யாருன்னு வீட்டம்மா கேட்டா. நான்தான். பேச்சு அத்தோட முடிஞ்சிது. ராடு போட்டு ஏத்துனேன், முறுக்கு மேல முறுக்கு, சத்தம் போச்சு.

ஒரு சத்தம் போனதும் மத்த மூணும் நல்லா தெளிவா கேக்க ஆரம்பிச்சிருச்சு. வாத்தியார் கிளாஸ விட்டுப் போனா கடைசி பெஞ்ச் குரல் எல்லாம் கேக்குமே, அந்த மாதிரி.

அத்தைக்கு 68 வயசு. பொறந்தது வளர்ந்தது எல்லாம் சேலத்துல குகைங்கற இந்த ஏரியாலயே தறி வீட்டுல, இவங்க அப்பா வெண்பட்டு வேட்டி நெய்தவர். வண்டி தெருவுக்குள்ள திரும்பும்போதே திண்ணைல உக்காந்து கேட்டிருக்காங்க. "வாங்க மாப்ள"க்கு அடுத்த வார்த்தையே "என்ன வண்டிக்குள்ள கொலுசுக்கட ஏதும் வச்சிருக்கீங்களா?"

செவ்வாப்பேட்டைல கொலுசுப் பட்டறைங்க நடுவுல போய் வர்றவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்.

நாள் 2: சேலத்துலயே

இன்னிக்கு ஏற்காடு போறதா பிளான். போகல. கீச்சு சத்தத்தோட 20 ஹேர்பின் ஏற முடியாதுன்னு நான் சொன்னேன், சத்தத்துக்கும் மலை ஏறுறதுக்கும் என்ன சம்பந்தம்னு பையன் கேட்டான், நியாயமான கேள்விதான்.

கீச்சு கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு, காசே இல்லாதது. வண்டிய சமதளத்துல நிறுத்தி ஒரு ஆள் பின் படியில ஏறி நின்னு குதிக்கணும், இன்னொரு ஆள் அடியில படுத்து கேக்கணும். குதிக்கிறது பையன், படுக்குறது நான். வேடிக்கை பார்க்குறது தெரு மொத்தமும். சத்தம் வருது, ஆனா எங்கேர்ந்துன்னு தெரியல, ஏன்னா இரும்புல சத்தம் ஓடும். இடது பக்கம் பிறக்குற சத்தம் சேஸ் (வண்டியோட அடிச்சட்டம்) வழியா போய் வலது பக்கம் கேக்கும். அப்போதான் தண்ணி. ரப்பர் புஷ் (இரும்பு மூட்டுல வைக்கிற ரப்பர் வளையம்) காய்ஞ்சு போய் இரும்போட உரசுனா கீச்சும், அதே ரப்பர் நனைஞ்சா கொஞ்ச நேரத்துக்கு வாயை மூடிக்கும். அதனால எல்லாத்தையும் ஒரேயடியா நனைக்கக்கூடாது, ஒவ்வொண்ணா நனைக்கணும். அத்தை பூவுக்குத் தண்ணி தெளிக்கிற ஸ்ப்ரே பாட்டில் ஒண்ணு குடுத்தாங்க. இடது கமான் பட்டை (அச்சு மேல வண்டியத் தாங்குற வில் பட்டை) முன் கண்ணு, நனைச்சேன், குதிடான்னேன், கீச். பின் ஷாக்கிள், கீச். ஷாக் அப்சர்பர் கீழ் புஷ், கீச். வலது பக்கம் எல்லாம் பார்த்தாச்சு, கீச்சு கீச்சு. கடைசியா ஸ்டெபிலைசர் பாரை புடிச்சிருக்குற ரெண்டு புஷ்ஷுல வலது பக்கத்தத நனைச்சேன்.

அமைதி.

பையன் இன்னும் ரெண்டு குதி குதிச்சான். ஒண்ணுமே இல்ல. தெருவுல ஒரு தாத்தா கை தட்டினாரு.

அதுக்குள்ள பக்கத்து வீட்டுல ஒரு லாரி டிரைவர் அண்ணன் வந்து, இதுக்கு எதுக்கு இவ்ளோ, பழைய இன்ஜின் ஆயில டீசல்ல கலந்து அடியில பூரா அடிச்சு விடுங்க, ஒரு மாசத்துக்கு கம்முனு கெடக்கும்னாரு. லாரிக்கு கமான் பட்டைக்கு அப்படி அடிக்கிறது இந்தப் பக்கம் பழக்கம், சங்ககிரி நாமக்கல்னு சுத்தி பூரா லாரி ஊரு, அவர் அனுபவத்த நான் குறை சொல்லல. ஆனா ஆயில் ரப்பருக்கு ஆகாது, உப்பி இளகிப் போயிடும், தூசியும் சேர்ந்து பசை மாதிரி ஒட்டிக்கும், அடுத்த தடவை சத்தம் வந்தா எது என்னன்னே பார்க்க முடியாது. அவர்கிட்ட சரிங்ணான்னு சொல்லிட்டு நாலு ரோடு பக்கம் போய் ஸ்பேர் பார்ட்ஸ் கடைல புது புஷ் ஒரு செட் வாங்கிட்டு வந்தேன், ரெண்டு சாப்பாட்டுக் காசு கூட இல்ல. ஒரு ஷெட்டுல குடுத்து மாத்துனோம். பழைய புஷ்ஷ கைல வாங்கிப் பார்த்தா ஒரு பக்கம் கண்ணாடி மாதிரி மினுங்குது, அவ்ளோ நாள் உரசியிருக்கு.

சாயங்காலம் கொலுசு வேட்டை. போன்ல ரெக்கார்டர் ஆன் பண்ணி, ஒரு பழைய சாக்ஸுக்குள்ள போட்டு, சேஸ்ல கேபிள் டையால கட்டிட்டு ஓட்டுறது. ஒவ்வொரு ரவுண்டுக்கும் ஒரு இடம். ஏற்காடு ரோட்டுல மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு வரைக்கும் போய் திரும்பி வர்றதுன்னு முடிவு பண்ணேன், அங்க யூ டர்ன் போட்டா கொலுசு நல்லா கேக்கும். 1935ல டி.ஆர்.சுந்தரம் ஆரம்பிச்ச ஸ்டுடியோ, படம் படமா எடுத்துத் தள்ளுன இடம், இப்ப அந்த வாசல் வளைவு மட்டும் நிக்குது. அதுக்கு முன்னாடி நான் சாக்ஸ்ல போன கட்டி சவுண்ட் ரெக்கார்டிங். நாலு ரவுண்டு. முன்னாடி ரெண்டு ரெக்கார்டிங்ல மெலிசா, பின் அச்சு பக்கத்துல நடுத்தரம், தண்ணி டேங்க் பக்கம் கட்டுனதுல ஜல்ல்ல்னு காதே கூசுற அளவுக்கு. சரி, டேங்க் ஏரியாதான். ஆனா டேங்க் பட்டிய ஆட்டிப் பார்த்தேன், தட்டிப் பார்த்தேன், ஒண்ணும் ஆடல.

வீட்டுக்குத் திரும்பும்போது ஒரு தள்ளுவண்டில தட்டுவடை செட். ரெண்டு தட்டுவடைக்கு நடுவுல பீட்ரூட், கேரட், வெங்காயம், ஒரு பச்சை சட்னி ஒரு சிவப்பு சட்னி. பையன் நாலு செட். அப்புறம் நொறுக்கல் வேற. சேலத்துல வேற எந்தச் சத்தத்த நிறுத்துனாலும் இத நிறுத்த முடியாது.

நாள் 3: மலை ஏறுன கதை

அத்தையும் வர்றேன்னாங்க. முன் சீட்டுல அவங்க, பின்னாடி இவளும் பையனும். கோரிமேடு தாண்டுனா அப்புறம் அடிவாரம், அங்கேர்ந்து 20 கொண்டை ஊசி வளைவு, 280 மீட்டர்ல இருக்குற சேலத்துலேர்ந்து 1500 மீட்டருக்கு ஏத்தி விடுற ரோடு. ஏற ஏற கீழ பார்த்தா மேக்னசைட் வெட்டுன வெள்ளக்கல் மேடுங்க, யாரோ சுண்ணாம்பு கொட்டிட்டுப் போன மாதிரி.

சத்தம் தேடுறவனுக்கு இந்த மாதிரி ரோடு கிடைக்காது. ஒரு இடது, ஒரு வலது, ஒரு இடது, ஒரு வலது. ஒவ்வொரு வளைவும் ஒரு டெஸ்ட். வீட்டம்மா கைல நோட்டு குடுத்து எந்த வளைவுல என்ன சத்தம்னு எழுதச் சொன்னேன், மூணாவது வளைவுலயே அவ ஜன்னலுக்கு வெளிய குரங்க பார்க்க ஆரம்பிச்சிட்டா. கொலுசு எல்லா வளைவுலயும் இருக்கு. இடது திரும்புனா வலது பக்கம் ஓடுது, வலது திரும்புனா இடது பக்கம் ஓடுது. அதாவது ஏதோ ஒண்ணு உருளுது. ஆட்டம் இல்ல, ஓட்டம். இது பெரிய க்ளூ, எனக்கு அப்ப புரியல.

எட்டாவது வளைவுல மேல ஏறுற பஸ்ஸுக்குப் பின்னாடி நின்னுட்டு ஃபர்ஸ்ட் கியர்ல எடுத்தேன். டொக்.

அத்தை திரும்பிப் பார்த்தாங்க. "மாப்ள, இது என்ன?"

"அது எப்பவாவது வரும் அத்தை, தண்ணி டேங்க்னு நினைக்குறேன், பாதிதான் தண்ணி இருக்கு, அலை அடிக்குதுல்ல."

கொஞ்ச நேரம் பேசல. பத்தாவது வளைவுல மறுபடியும் டொக். "தண்ணி இல்லீங்க மாப்ள. தறில நாடா அடிக்கிற சத்தம் எவ்ளோ பெருசா இருந்தாலும் எங்கப்பா தூங்குவாரு. தறிக்கால் ஆடுனா வர்ற சத்தம் சின்னதுதான், ஆனா எந்திரிச்சு உக்காந்துக்குவாரு. இது கால் ஆடுற சத்தம்."

நான் சரி அத்தைன்னேன். மனசுக்குள்ள, தறி வேற வண்டி வேற. (இத எழுதும்போது ராத்திரி ஒன்பது மணி, இன்னும் எனக்கு அப்படித்தான் தோணுது. டேங்க் பட்டிதான். நாளைக்கு ரொப்பிட்டு ஓட்டிப் பார்த்தா தெரிஞ்சிடும்.)

ஏரிக்கரைல மிளகா பஜ்ஜி, காப்பி. நாலு மணிக்கு ஐப்பசி மழை பிடிச்சுக்கிச்சு, ஏரி மேல மூட்டமா இறங்கி போட்டு எதுவுமே தெரியல. ஒரு சின்ன காப்பித் தோட்டத்துக்காரர் வீட்டு முன்னாடி காலி இடத்துல ராத்திரிக்கு நிறுத்திக்க விட்டாரு, வாடகைன்னு ஒரு தொகை, கரண்ட் தனி. சில்வர் ஓக் மரம், அதுல ஏறுன மிளகுக் கொடி, கீழ காப்பிச் செடி. 1820கள்ல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன்தான் இங்க காப்பி கொண்டாந்தாருன்னு சொல்லுவாங்க, அதுலேர்ந்து மலையே காப்பிதான். மழை சொட்டுற சத்தம் வண்டி கூரைல. அந்த சத்தத்த கண்டுபிடிக்க அவசியம் இல்லாததால நல்லா தூங்கப் போறேன்.

நாள் 4: சேர்வராயன் கோயிலும் சிவப்புப் பொடியும்

காலைல டேங்க ரொப்புனேன். 100 லிட்டர், அதாவது 100 கிலோ, அலை அடிக்க இடமே இல்ல. கிளம்புனேன். கிளட்ச்ச விட்டதும் டொக்.

சரி, டேங்க் இல்ல. அத்தை ஒண்ணும் சொல்லல, ஜன்னல் பக்கம் பார்த்துக்கிட்டு வந்தாங்க, அதுவே ஒரு மாதிரி இருந்துச்சு.

இதோட இன்னொண்ணு வேற சேர்ந்துக்கிச்சு. நாகலூர் பக்கம் போற மண் ரோட்டுல கொஞ்ச தூரம் போய்த் திரும்புனோம், அதுலேர்ந்து முன் வலது சக்கரத்துல கீஈஈஈன்னு, தகரத்துல ஆணிய வச்சு கீறுற மாதிரி. பல்லு கூசுது. வேகத்தோட ஏறுது, வேகத்தோட இறங்குது, அப்ப சுத்துற ஏதோ ஒண்ணு. பிரேக் மிதிச்சா மாறுது. பிரேக் டிஸ்க்குக்கு பின்னாடி ஒரு மெல்லிசு தகடு இருக்கும், தூசி அடிக்காம இருக்க, அதுக்கும் டிஸ்க்குக்கும் நடுவுல ஒரு சின்னக் கல்லு சிக்குனா இந்தக் கூத்துதான். பயந்து போய் ஷெட்டுக்கு ஓட வேண்டாம், முதல்ல ரிவர்ஸ்ல பத்தடி போய்ப் பாருங்க. போனேன். டிக்குனு ஒரு பொட்டுக் கல்லு தெறிச்சு விழுந்துச்சு, பையன் எடுத்து பாக்கெட்ல போட்டுக்கிட்டான். இந்த மொத்தப் பயணத்துல நான் புத்திசாலியா நடந்துக்கிட்டது இந்த ஒரு இடத்துலதான்.

சேர்வராயன் கோயில் மலை உச்சில, 1600 மீட்டருக்கு மேல. மேல போனா பெரிய மைதானம் மாதிரி சமதளம், காத்து ஆள தள்ளுது. கோயில் ஒரு குகைக்குள்ள, தலைய குனிஞ்சு போகணும், உள்ள சேர்வராயனும் காவேரி அம்மனும். அந்தக் குகை காவேரி ஆறு வரைக்கும் போகுதுன்னு மலை ஜனங்க நம்பிக்கை. மலைக்கே அவர் பேருதான், வெள்ளைக்காரன் வாயில ஷெவராயா மாறிடுச்சு. மே மாசம் திருவிழா, மலையாளி ஜனங்க (கேரளாக்காரங்க இல்ல, இந்த மலையோட பழங்குடி ஜனங்க) சுத்து ஊர்லேர்ந்து எல்லாம் வந்து சேருவாங்களாம். அத்தை சாமி கும்பிட்டு வெளிய வந்து, "குகைலேர்ந்து கிளம்பி குகைக்கே வந்துட்டேன்"னாங்க. அப்புறம் மெதுவா, "இறங்குறதுக்கு முன்னாடி யாருகிட்டயாவது காட்டிருங்க மாப்ள."

காட்டுனேன். டவுன்ல எஸ்டேட் ஜீப்புங்க ரிப்பேர் பண்ற ஒரு தம்பி, முப்பது வயசு இருக்கும், ஷெட்டுன்னு கூட சொல்ல முடியாது, ஒரு தகரக் கூரை. டொக் எப்ப வருதுன்னு கேட்டாரு. நிறுத்தி எடுக்கும்போது, அப்புறம் பிரேக் போட்டு நிக்கும்போதுன்னேன். பள்ளத்துல வருதா? இல்ல. திருப்பத்துல? இல்ல, ஏத்தத்துல கியர் போட்டு எடுத்தா வருது. அவரு உடனே சக்கரத்துக்கு கட்ட வச்சு, டார்ச்ச எடுத்துக்கிட்டு பின் அச்சுகிட்ட படுத்துட்டாரு. சுத்தி எதுவும் தட்டல, ஆட்டல. டார்ச்சு மட்டும்.

"சார் வாங்க, பாருங்க."

பக்கத்துல படுத்தேன். பின்னாடி அச்சையும் கமான் பட்டையையும் சேர்த்துக் கட்டி வச்சிருக்குறது யூ போல்ட், பக்கத்துக்கு ரெண்டு. இடது பக்கம் அந்த யூ போல்ட் பட்டையைக் கட்டுற இடத்துல, சேறும் கருப்புமா இருக்குற இரும்பு நடுவுல, ஒரு கோடு மட்டும் வெள்ளி மாதிரி பளபளன்னு இருக்கு. அந்தக் கோட்டுக்குக் கீழ மெல்லிசா குங்குமம் கொட்டுன மாதிரி சிவப்புப் பொடி. விரல வச்சேன், விரல்ல ஒட்டிக்கிச்சு, மாவு மாதிரி நைசு. "ரெண்டு இரும்பு உரசுனா இப்படி துருப்பொடி வரும் சார். அசையாம இருந்தா வராது. உங்க அச்சு அசையுது."

அதாவது நான் நாலு நாளா ரப்பர் புஷ்ஷுக்கும் கொலுசுக்கும் தெருவுல படுத்துக்கிட்டிருந்தேன், அந்த நேரம் பூரா பின் அச்சு ஒவ்வொரு தடவை கிளட்ச்ச விடும்போதும் ஒரு நூல் முன்ன பின்ன நகர்ந்துக்கிட்டிருந்திருக்கு. யூ போல்ட் லூசா இருந்தா பாரம் எல்லாம் நடுவுல இருக்குற சென்டர் போல்ட் மேல வரும், அது ஒரு சின்ன போல்ட், பட்டைகள வரிசையா நிறுத்தி வைக்கத்தான் அது, பாரம் தாங்க இல்ல. அது அறுந்தா அச்சு ஒரு பக்கம் பின்னாடி போயிடும், வண்டி நண்டு மாதிரி கோணலா ஓடும். 20 வளைவு இறக்கத்துல. நான் கேட்டுட்டு கொஞ்ச நேரம் அங்கயே படுத்திருந்தேன்.

தம்பி நாலு யூ போல்ட்டையும் நீள பைப் போட்டு இறுக்குனாரு. இடது பக்கம் நட்டு ஒண்ணரைச் சுத்து போச்சு. ஆனா இறுக்கும்போதே சொல்லிட்டாரு, இது கீழ இறங்குறதுக்குத்தான், நட்டுல பாதி மரைதான் பிடிச்சிருக்கு, போல்ட்டு நீளம் பத்தல, சேலம் போனதும் கமான் பட்டறைல புதுசு போட்ருங்க. காசு கேட்டாரு, நான் ரெண்டு மடங்கு குடுத்தேன், பாதியைத் திருப்பிக் குடுத்துட்டாரு.

ராத்திரி அத்தைகிட்ட சொன்னேன், தறிக்கால்தான் அத்தைன்னு. "ம்"னாங்க. தோசைக்கு சட்னி அரைக்கிறது நிக்கவே இல்ல.

நாள் 5: இறக்கம், பட்டறை

குப்பனூர் வழியா இறங்கலாம்னு முதல்ல ஆசை, அந்த வழி அழகு, ஆனா ஆள் நடமாட்டம் கம்மி, ஏதாவது ஆனா நிக்கணும். மெயின் ரோடே. டேங்க் தண்ணிய காலி பண்ணிட்டேன், 100 கிலோ மிச்சம். அப்புறம் வீட்டம்மாவோட நெயில் பாலிஷ், செக்கச் செவேல்னு ஒண்ணு, அத வாங்கி ஒவ்வொரு நட்டுலயும் அதுக்கு அடியில இருக்குற தகட்டுலயும் சேர்த்து ஒரே கோடா போட்டேன். நட்டு அசைஞ்சா கோடு உடைஞ்சு விலகி நிக்கும், ஸ்பேனரே தேவையில்ல, கண்ணால பார்த்தா போதும். அஞ்சு வளைவுக்கு ஒரு தடவை நிறுத்தி நிறுத்தி குனிஞ்சு பார்த்தேன். ரெண்டாவது கியர்லயே இறக்கம், பிரேக் சூடேறாம. கோடு எதுவும் அசையல. ஆனா 20வது தாண்டி அடிவாரம் வந்து நிறுத்துனப்ப சட்டை முதுகு பூரா நனைஞ்சிருந்தது, வெயில்னால இல்ல.

கொண்டலாம்பட்டி பக்கம் ஒரு கமான் பட்டறை. எல்லாம் லாரிங்க, நடுவுல எங்க வண்டி பொம்மை மாதிரி. பட்டறைப் பெரியவர் எட்டிப் பார்த்து ஒரே நிமிஷத்துல கதைய சொல்லிட்டாரு: பாடி கட்டுனவங்க வெயிட் ஏறுதுன்னு ஒரு பட்டை எக்ஸ்ட்ரா வச்சிருக்காங்க, அது நல்லதுதான், ஆனா கட்டு கனமானா யூ போல்ட்டும் நீளமா மாத்தணும், இவங்க பழசையே திரும்பப் போட்டிருக்காங்க. கழட்டுன யூ போல்ட்ட ரெண்டாவது தடவை போடவே கூடாது, மரை ஒரு தடவை இழுத்து வாங்குனா அத்தோட சரி. கழட்டி கைல குடுத்தாரு, மரை இருக்குற இடம் இடுப்பு மாதிரி ஒடுங்கியிருந்தது. சென்டர் போல்ட் வளைஞ்சிருந்தது, அறுகல. புது சென்டர் போல்ட், நாலு புது யூ போல்ட், குறுக்கும் நெடுக்குமா மாத்தி மாத்தி கொஞ்சம் கொஞ்சமா இறுக்கணுமாம், ஒண்ண முழுசா இறுக்கிட்டு அடுத்ததுக்குப் போகக்கூடாது. கண்ணு புஷ்ஷு போல்ட்டு மட்டும் வண்டிய ஜாக்கிலேர்ந்து இறக்கி, சக்கரம் தரைல நின்ன பிறகுதான் இறுக்குனாரு, தூக்குல தொங்கும்போது இறுக்குனா இறக்குனதும் ரப்பர் முறுக்கிக்கிட்டு சீக்கிரம் கிழிஞ்சிடும். 500 கிலோமீட்டர் ஓட்டிட்டு எங்கயாவது திரும்ப ஒரு இறுக்கு இறுக்கிருங்கன்னாரு. நெயில் பாலிஷ் கோட்டைப் பார்த்து சிரிச்சாரு, ஆனா புது நட்டுக்கும் போட்டுக்கச் சொன்னாரு.

கொலுசு? அத நான் கேக்கவே மறந்துட்டேன். வீட்டம்மாதான் கேட்டா. டேங்க் பக்கத்துல வருது, உருள்ற மாதிரி இருக்குன்னு. அங்க வேலை செய்யற சின்னப் பையன் ஒருத்தன், 20 வயசு, ஸ்பேனர் பின்பக்கத்தால டேங்க தாங்குற ஸ்கொயர் பைப்ப வரிசையா தட்டிக்கிட்டே போனான். டங், டங், டங், டஜல்.

நாலாவது பைப். வண்டிக்குக் குறுக்கால போறது, ரெண்டு முனையும் தகடு வச்சு வெல்டு அடிச்சு மூடியிருக்கு. மேல டேங்க் ஸ்க்ரூ போட ஓட்டை போட்டிருக்காங்க, அந்த வழியா உள்ள விழுந்தது வெளிய வர வழியே இல்லாம. முனைல ஓட்டை போட்டு, வண்டிய ஒரு பக்கம் ஜாக்கில தூக்கி, பையன் கீழ கைய ஏந்துனான். ஒண்ணொண்ணா விழுந்துச்சு. ஏழு தகர ஸ்க்ரூ, ஒரு வாஷர், கொஞ்சம் டிரில் பண்ண இரும்புச் சுருள். அவ்ளோதான் கொலுசு. ஒன்றரை வருஷமா நாங்க அந்த பொண்ணு எங்க நடக்குறான்னு தேடிக்கிட்டிருந்தோம்.

போட்ட ஓட்டைல ஒரு ரப்பர் மூடி போட்டு விட்டான், அப்பதான் தண்ணி போனாலும் வெளிய எடுக்கலாம்னு. அதுக்கு தனியா காசு வாங்கல.

நாள் 6: திரும்பி

அத்தை குகையிலயே நின்னுட்டாங்க. ஒரு தூக்கு தட்டுவடை, ஒரு பை மாவடு ஊறுகாய்.

ஆத்தூர் ரோடு. ஸ்பீட் பிரேக்கர், அமைதி. பள்ளம், அமைதி. ஃபர்ஸ்ட் கியர்ல எடுத்தேன், அமைதி. 70க்கு மேல ஒரு டிங் இருக்கு, மேல் பெட்டில ஏதோ கரண்டின்னு நினைக்குறேன், அது அடியில இல்ல, அதனால அது இவளோட டிபார்ட்மெண்ட். வாழப்பாடி தாண்டுனதும் அத்தை போன், ஸ்பீக்கர்ல போட்டேன்.

"வண்டி எப்படி ஓடுது மாப்ள?"

"சத்தமே இல்ல அத்தை. வெண்ணெய் மாதிரி ஓடுது."

ஒரு நிமிஷம் பேச்சே இல்ல.

"இல்லையே. பின்னாடி ஏதோ கர்க்கு கர்க்குன்னு கேக்குதே."

வண்டிய ஓரங்கட்டிட்டேன், இண்டிகேட்டர் போட்டு, சீட் பெல்ட் கழட்டி, கதவத் திறக்கப் போறேன். கண்ணாடில பார்த்தா பின் படுக்கைல பையன் வாய அசைக்காம அப்படியே உக்காந்திருக்கான், மடில தூக்கு திறந்திருக்கு, கைல பாதி தட்டுவடை.